நான்காவது நிபந்தனை

செஞ்சியில் இருபத்திரண்டு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். பதிவு ஆபீசுக்கு எதிரே ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு சாய்வு மேசை, இரண்டு பேனா, ஒரு மைக்கூடு. பத்திரம் தனகோட்டி என்றால் மேல்மலையனூர் வரைக்கும் தெரியும். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

பத்திரத்தில் இருப்பதில் பாதியை யாரும் நம்புவதற்காக எழுதுவதில்லை. 'மனப்பூர்வமான சம்மதத்துடன், பிறர் தூண்டுதல் இன்றி' என்று எழுதுவேன். தூண்டிய மச்சான் பக்கத்திலேயே வெற்றிலை மென்றுகொண்டு நிற்பான். 'நல்ல நிலையில் உள்ள வீடு' என்பேன். மழை வந்தால் அந்த வீட்டில் ஆறு பாத்திரம் வைக்க வேண்டியிருக்கும். வந்தவர்கள் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களுக்கும் பஸ் பிடிக்க வேண்டும், எனக்கும் அடுத்த ஆள் காத்திருப்பார்.

வல்லத்து மருதேவியம்மா மட்டும் அப்படிப் போகிறவர் இல்லை. சமணக் குடும்பம். நயினார் வீட்டம்மா என்பார்கள். அறுபது வயது, மூக்குக்கண்ணாடி, கையில் எப்போதும் வடிகட்டிய தண்ணீர் நிரம்பிய ஒரு செம்பு. பொய் சொல்வதில்லை என்று எந்த வயதிலோ விரதம் எடுத்துக்கொண்டவர். வாயால் சொல்லாவிட்டால் போதாதா என்றால் போதாதாம். கையெழுத்துப் போடுகிற தாளிலும் பொய் இருக்கக் கூடாதாம். என் தொழிலுக்கு இப்படி ஒரு சோதனை.

அறுபத்து நாலாம் வருடம் ஆவணியில் ஒரு வாடகைப் பத்திரத்துக்காக வந்தார். பஜாருக்குப் பின்தெருவில் அவர் புருஷன் கட்டிய ஓட்டு வீடு. புருஷன் சாகும்போது அதைத் தங்கள் கோயிலுக்கு எழுதிவைத்துவிட்டார். வாடகை கோயில் பூசைக்கு. வீட்டை யாருக்கு விடுவது என்பது மருதேவியம்மாவின் பொறுப்பு. ஒரு நாளும் வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது என்பது சாசனம்.

கூட வந்திருந்த ஆள் இளையபெருமாள். வல்லத்தில் யூனியன் ஆபீசில் கிளார்க். முப்பது வயது இருக்கும், சலவைச் சட்டை, பையில் பேனா. ஊர்க்காரர்கள் 'காலனி' என்று சொல்லி அதற்குமேல் சொல்லாமல் நிறுத்திக்கொள்கிற இடத்திலிருந்து வந்தவர். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர். செஞ்சியில் இவர் பதினோரு வீடு கேட்டிருக்கிறார். பதினோரு வீடும் முந்தின நாள்தான் வேறு ஆளுக்குப் பேசி முடிந்திருக்கிறது.

"மனப்பூர்வமான சம்மதத்துடன், பிறர் தூண்டுதல் இன்றி" என்று நான் படித்ததும் மருதேவியம்மா கையைக் காட்டினார்.

"அத்த எடுத்துடு தனகோட்டி. தூண்டுதல் இல்லாம எப்டி? இந்தப் பையன் நாலு தரம் வந்து கேட்டான்."

"அது சும்மா வழக்கத்துக்கு எழுதறதும்மா."

"வழக்கத்துக்குன்னா பொய் நெஜமாயிடுமா? எடு."

எடுத்தேன். 'நல்ல நிலையில் உள்ள வீடு' என்பதையும் எடுக்கச் சொன்னார், சமையற்கட்டில் இரண்டு ஓடு உடைந்திருந்ததால். எனக்குக் கோபம்தான். நயினார் வீட்டம்மாவிடம் கோபத்தைக் காட்ட முடியுமா? பேனாவைக் கொஞ்சம் அழுத்தி அடித்தேன், அவ்வளவுதான்.

பிறகு அவருடைய நிபந்தனைகள். ஒன்று, வீட்டில் மீன், கறி என்று கவிச்சி எதுவும் சமைக்கக் கூடாது, உயிர் எதையும் கொல்லக் கூடாது. இரண்டு, பொழுது மறைந்தபின் அடுப்பு எரியக் கூடாது. பூச்சி விழுந்து சாகுமாம். மூன்று, வீடு ஒரு நாளும் பூட்டிக் கிடக்கக் கூடாது.

"பஞ்சாங்கத்துப் பொழுதாம்மா, இல்ல மலையில மறையற பொழுதா?" என்று கேட்டேன். செஞ்சியில் சூரியன் கோட்டை மலைக்குப் பின்னால் சீக்கிரம் போய்விடும். குத்தலாகத்தான் கேட்டேன். அவர் நிஜமாகவே யோசித்தார்.

"மலையில மறையறதுன்னே எழுது. கண்ணுக்குத் தெரியறதுதான் நெஜம்."

இளையபெருமாளைப் பார்த்து, "கவிச்சி சாப்டுவியா நீ?" என்று கேட்டார்.

"சாப்டுவேம்மா. உங்க வீட்ல சாப்ட மாட்டேன்."

"அது போதும்" என்றார் மருதேவியம்மா.

நான்காவது நிபந்தனை என்னுடையது. யாரும் கேட்கவில்லை. மூன்று வருடக் கெடு, நடுவில் ஆள் போய்விட்டால் வீடு பூட்டிக் கிடக்குமே என்று தோன்றியது. பழைய கடை வாடகைப் பத்திரம் ஒன்றிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டேன்: 'கெடுவுக்கு முன் காலி செய்ய நேர்ந்தால், மேற்படி நிபந்தனைகளுக்கு உட்பட்டு நடக்கும் வேறொரு குடித்தனக்காரரைத் தம் இடத்தில் அமர்த்திய பிறகே காலி செய்ய வேண்டியது.' நல்ல வாக்கியம். மருதேவியம்மா இரண்டு முறை படித்துவிட்டு, இதில் பொய் ஒன்றும் இல்லை என்றார். இளையபெருமாளும் கையெழுத்துப் போட்டார்.

கடைக்கு அந்த நிபந்தனை சரி. ஒரு கடையில் முன்பு யார் இருந்தார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

ஒன்றரை வருடம் இளையபெருமாளும் மீனம்பாளும் அந்த வீட்டில் இருந்தார்கள். மீனம்பாள் அவர் மனைவி. சாயங்காலம் நாலரைக்கே சோறு வடித்துவிடுவாள். அவர் வல்லத்திலிருந்து பஸ் பிடித்து வரும்போது மலைக்குப் பின்னால் வெளிச்சம் போயிருக்கும். ஆறிய சோற்றைச் சாப்பிடுவார். ஒரு வெந்நீர் வைக்கக்கூட அடுப்பு மூட்டியதில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லிச் சிரிப்பாள். கவிச்சி வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள்.

அறுபத்தாறு தை மாதம் பதினெட்டாம் தேதி அவர் என் கொட்டகைக்கு வந்தார். வழக்கமாகக் குனிந்து நுழைகிறவர், அன்றைக்குக் கீற்றில் தலையை இடித்துக்கொண்டார். அத்தனை சந்தோஷம்.

"ஐயா, வீடு வாங்கிட்டேன்."

துரைக்கண்ணு என்ற ரிடையர்டு வாத்தியாரின் வீடு. ஆஸ்பத்திரித் தெருவில் இரண்டு கட்டு, பின்னால் ஒரு முருங்கை. ஆண் பிள்ளை இல்லாதவர், திண்டிவனத்தில் இருக்கிற மகளோடு போய் இருக்கப்போகிறார். தன்னிடம் படித்த பையனுக்குத்தான் விற்பேன் என்று விற்றார். அவருடைய பங்காளிகளுக்கு அது பிடிக்கவில்லை. தை கடைசித் தேதி துரைக்கண்ணு கிளம்புகிறார். மாசி ஒன்றாம் தேதி காலையில் இளையபெருமாள் வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

"ஒரு நாள் காலியா கெடந்தாலும் உள்ள வைக்கோலப் போட்டு மாட்டக் கட்டிடுவானுங்கன்னு வாத்தியாரே சொல்றாரு. அப்புறம் கேசு, கோர்ட்டுன்னு நான் எத்தன வருசம் அலையறது? என் நைனா செத்தது அடுத்தவன் களத்து மேட்ல, ஒரு தார்ப்பாய்க்குக் கீழ. இந்த வீட்ட விட்டா எனக்கு இன்னொரு வீடு அமையாது."

"நல்ல சேதி. போய்க் குடியேற வேண்டியதுதானே" என்றேன்.

அவரிடம் நான் நீ என்றும் சொல்வதில்லை, நீங்கள் என்றும் சொல்வதில்லை. ஊரில் பலர் அப்படித்தான் பேசினோம். சர்க்கார் உத்தியோகஸ்தரை நீ என்பது தப்பு. நீங்கள் என்று சொல்ல நாக்கு எழும்பாது. அதற்கு ஒரு பேச்சுமுறையைக் கண்டுபிடித்து வைத்திருந்தோம்.

"நாலாவது நிபந்தன இருக்குதே" என்றார். "நான் போனா வேற ஒருத்தர ஒக்கார வெக்கணும்."

அப்போதுதான் எனக்கு என் நல்ல வாக்கியம் ஞாபகம் வந்தது.

மருதேவியம்மாவிடம் ஏற்கெனவே போயிருக்கிறார். அந்தம்மா அழாத குறை. "என் வீடா இருந்தா இப்பவே கிழிச்சுப் போட்டுடுவேன். கோயிலுக்கு எழுதினது. பூட்டிப் போட எனக்கு அதிகாரம் இல்லப்பா. ஆள் பாரு, நானும் பாக்கறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பன்னிரண்டு நாள் இருந்தது. நானே ஆள் தேடினேன். என் வாக்கியம் இழுத்துவிட்ட வினை, சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

முதலில் தபாலாபீஸ் ராமகிருஷ்ணன். மாற்றலாகி வந்து ஹோட்டல் சாப்பாட்டில் வயிறு கெட்டுக் கிடந்தவர், முட்டைகூடத் தொடாதவர். வீட்டைக் காட்ட அழைத்துப் போனேன். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன், வீடு காட்டுவது என் வேலை இல்லையே. அவர் உள்ளே போய்ப் பார்த்தார், கிணற்றில் இறைத்துக் குடித்து இளநீர் மாதிரி இருக்கிறது என்றார். வெளியே வரும்போது மீனம்பாளைப் பார்த்தார். இப்போது இருப்பது யார் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். தெருமுனைக்கு வருவதற்குள் அவருக்குத் தம் ராசிக்குக் கிழக்கு வாசல் ஆகாது என்று ஞாபகம் வந்துவிட்டது.

அடுத்து ஜவுளிக்கடை பச்சைமுத்து. கவிச்சியைத் தங்கச்சி வீட்டில் வைத்துக்கொள்கிறேன், இந்த வாடகைக்கு இப்படி ஒரு வீடு கிடைக்காது என்று குதித்தான். மறுநாள் காலையில் அம்மாவுக்கு மூட்டுவலி, வாசலில் மூன்று படி ஏற முடியாது என்று சொல்லியனுப்பினான். அந்த அம்மாள் அமாவாசை தவறாமல் மேல்மலையனூருக்குப் போய் அந்தக் கூட்டத்தில் இடித்துப் புகுந்து சாமி பார்த்துவிட்டு வருகிறவள்.

மூன்றாவது ஆளை மருதேவியம்மாவே அனுப்பினார். அவருக்குத் தூரத்துச் சொந்தம், வேர்க்கடலையை மூட்டையாக வாங்கி விற்கிற மல்லாட்டை வியாபாரி சாந்திராஜ். அவர்கள் ஆளே ஆயிற்றே, முடிந்துவிட்டது என்றிருந்தேன். சாந்திராஜ் எதையும் சுற்றி வளைக்கவில்லை. அடுப்பை இடித்துப் புதிதாகக் கட்டி, தரையைப் பெயர்த்துப் போட்டு, கிணற்றை இறைத்து, ஆறு மாதம் காலியாகக் கிடந்த பிறகு வேண்டுமானால் யோசிக்கலாம் என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ராத்திரி சாப்பிடும்போது என் மனைவி ரஞ்சிதத்திடம் மூன்று பேரையும் பேர் சொல்லித் திட்டினேன். ராசியாம், மூட்டுவலியாம், தரையைப் பெயர்க்கணுமாம். இருபதாம் நூற்றாண்டில் இருக்கிறோமா, எங்கே இருக்கிறோம்? ரஞ்சிதம் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

தை முடிய இரண்டு நாள் இருக்கும்போது இளையபெருமாள் வந்து மேசைக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பேசாம சாவியக் கொடுத்துட்டுப் போயிட வேண்டியதுதான்" என்றேன். "அந்தம்மா கேசு போடவா போறாங்க?"

"போட மாட்டாங்க."

"அப்புறம் இன்னா?"

"எழுதிக் கொடுத்ததுல நான் பாதியில ஓடிட்டா ஊர்ல இன்னா சொல்வாங்க? இவனுங்களுக்கு வீடு கொடுத்தா இப்டித்தான்னு சொல்வாங்க. எனக்கு அடுத்தாப்ல வீடு கேக்க ஒருத்தன் வருவான் ஐயா. அவனுக்கும் பதினோரு வீட்ல இல்லேன்னுதான் சொல்லியிருப்பாங்க, இது பன்னெண்டாவதா இருக்கும். அவன் மொகத்துல கதவச் சாத்த நான் காரணமாயிடக் கூடாது."

"ஒருத்தர் இங்க, ஒருத்தர் அங்கன்னு கொஞ்ச நாள் இருக்கக் கூடாதா?"

"நான் காலைல வல்லம் பஸ் ஏறிட்டா மீனம்பா தனியா இருப்பா. எந்த வீட்ல இருந்தாலும் தனியாத்தான். பங்காளிங்க வாசல்ல வந்து நின்னா அவ இன்னா பண்ணுவா?"

அவருக்காக மனம் நொந்தது, அது உண்மை. அந்த நிபந்தனையை எழுதிய கையை வெட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் இதைப் படிக்கிறவர் யாரும் மருதேவியம்மா இல்லை என்றாலும், அந்த அளவுக்கு இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தை கடைசித் தேதி மூன்று மணி பஸ்ஸில் மருதேவியம்மா வந்து இறங்கினார். ஒரு கையில் செம்பு, மறு கையில் துணி மூட்டை. இளையபெருமாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். மீனம்பாள் கொட்டகைக்கு வெளியே, சைக்கிள் கடை நிழலில் நின்றாள்.

மூன்று பேர் சொன்ன சாக்கையும் நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கொஞ்சம் நடித்தும் காட்டினேன். மருதேவியம்மா ஒவ்வொன்றுக்கும் "அப்படியா" என்றார். முடித்ததும் செம்பைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"தனகோட்டி, உன் வீடு ஒழுவுதுன்னு சொன்னியே, ஓடு மாத்தினாங்களா?"

"எங்கம்மா. அந்த வீட்டுக்காரன் கருமி. ரெண்டு வருசமா வேற வீடு பாருன்னு ரஞ்சிதம் பிடுங்கி எடுக்கறா."

"நீ கவிச்சி விட்டு எத்தன வருசம்?"

"வயித்துவலி வந்ததுலேர்ந்து. ஏழு வருசம் இருக்கும்."

"அப்புறம் இன்னா? நீயே வாயேன்."

கிண்டலாகவோ சோதிக்கவோ அவர் கேட்கவில்லை. அந்தம்மாவுக்கு அது தெரியாது. எனக்கு இது ஏன் முன்னாலேயே தோன்றவில்லை என்றுதான் ஆச்சரியமாகப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் தெரிந்தது, பன்னிரண்டு நாளாக ஊரெல்லாம் ஆள் தேடியவனுக்குத் தன் பெயர் ஒரு தடவைகூட நினைப்பில் வரவில்லை. மூன்று தடவை அந்த வீட்டுக்குப் போயும் வாசற்படியைத் தாண்டவில்லை என்பதும்.

"வரலாம்மா" என்றேன். "ரஞ்சிதத்துக்குத்தான்... அந்தக் கிணத்துத் தண்ணி சேராது. அவளுக்குச் சளி பிடிச்சுக்கும்."

இளநீர் மாதிரி இருக்கிறது என்று ராமகிருஷ்ணன் சொன்ன தண்ணீர். அதைக் கொஞ்சம் முன்னால் இவர்களிடம் சொன்னவனே நான்தான்.

"அப்படியா" என்றார் மருதேவியம்மா.

இளையபெருமாள் என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு வெட்கமாக, தண்ணீருக்குப் பதில் வேறு நல்ல காரணம் சொல்லியிருக்கலாமே என்றும் ஓடியது.

"சரி, எழுது" என்றார் மருதேவியம்மா. "வீட்ட இன்னிக்கு அவன் ஒப்படைக்கறான். நாளையிலேர்ந்து நான் குடியிருக்கேன்."

"நீங்களா? வல்லத்து வீட்ட விட்டுட்டா? உங்க மகன் ஜினேந்திரன் இன்னாம்மா சொல்வாரு?"

"சொல்லிட்டான். அழுதும் பாத்துட்டான். ஒன்ற வருசம்தானே கெடு. பாய், ரெண்டு பாத்திரம் வண்டில வருது. நாலு நிபந்தனையும் எனக்கு ஒத்துவரும்." பிறகு மீனம்பாள் பக்கம் திரும்பி, "அடுப்ப இடிக்காம வெச்சிட்டுப் போம்மா, எனக்கு வேணும்" என்றார். மீனம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

எழுதினேன். 'வேறு குடித்தனக்காரரை அமர்த்தாமல் வீட்டை ஒப்படைக்க நேர்ந்த காரணம்' என்ற இடம் வந்ததும் வழக்கப்படி, 'குடித்தனக்காரர் மூன்று பேர் வந்து பார்த்தும் சில அசௌகரியங்களால் குடிவர இயலாதபடியால்' என்று போட்டேன். பிறகு சட்டப்படி உரக்கப் படித்துக் காட்டினேன்.

மருதேவியம்மா கையைக் காட்டினார். "இன்னா அசௌகரியம்?"

ரோட்டில் திருவண்ணாமலை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"ஐயா" என்றார் இளையபெருமாள். "நான் குடியிருந்த வீடுன்றதால வரலன்னு எழுதுங்க. அதான காரணம்."

இருபத்திரண்டு வருடத்தில் எந்தப் பத்திரத்திலும் எழுதாத வரி. வேறு தாள் எடுத்து, முதலிலிருந்து எழுதினேன். மறுபடி படித்தேன். "குடித்தனக்காரர் மூன்று பேர், மேற்படி இளையபெருமாள் குடியிருந்த வீடு என்ற காரணத்தால் குடிவர மறுத்துவிட்டபடியால்..."

"மூணா?" என்றார் மருதேவியம்மா.

நான் தலை நிமிரவில்லை.

"நாலு தனகோட்டி. எண்ணிப் பாரு. பேர் எல்லாம் போடணுமா அதுல?"

"வேணாம்மா" என்றார் இளையபெருமாள். "எண்ணிக்க போதும்."

இன்னொரு தாள் எடுக்கலாமா என்று யோசித்தேன். முத்திரைத் தாள் வேறு இல்லை, பதிவு ஆபீஸ் மூட அதிக நேரமும் இல்லை. 'மூன்று' என்பதன்மேல் ஒரு கோடு இழுத்து, மேலே 'நான்கு' என்று எழுதினேன். பத்திரத்தில் ஒரு சொல்லைத் திருத்தினாலும் கடைசியில் அதைச் சொல்லி, எழுதியவன் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் செல்லாது. இருவரும் கையெழுத்திட்ட பிறகு தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு அடியில் எழுதினேன்.

'இப்பத்திரத்தில் முதல் பக்கம் பதினோராவது வரியில் மூன்று என்பது தவறு. அதை அடித்து நான்கு என்று எழுதியிருப்பது சரி. எழுதியவர், செஞ்சி தனகோட்டி.'

இளையபெருமாள் அதைப் படித்துப் பார்த்தார். "சரியா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, மை காய்கிறவரை தாளின் ஓரத்தைக் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.